படகுக்கு ஏற்ற விசிறி



பால்வாளியோடும் செம்பனைக் குலையோடும் காலம் தள்ளிய நமக்குப் படகைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடல் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. பாயான் லெப்பாஸில் 1972-ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியது. அதன் பிறகு செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்தும் கெடாத் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். சிலர் அங்கேயே குடியும் ஏறினார்கள். பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர்களும் போனார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் ஒரு பக்கம் பத்து மாவுங், மறு பக்கம் தெலுக் கும்பார். இரண்டு இடங்களிலும் வரிசையாக மீன்பிடிப் படகுகள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

எங்களுக்கும் வந்தது. நாங்கள் மூன்று குடும்பங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடுகளைக் காலி செய்த பிறகு கைக்கு வந்த ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு பழைய மரப் படகை வாங்கினோம். கடலில் கூண்டு கட்டி மீன் வளர்ப்பவர்களுக்குத் தீனி மூட்டையும் ஐஸும் ஏற்றிச் செல்வது தொழில். படகின் நீர்மட்ட நீளம் 28 அடி. உள்ளே பொருத்திய டீசல் இயந்திரம் 40 குதிரைசக்தி. நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றக்கூடியது. படகு நல்ல படகு. இயந்திரமும் பழுதில்லை. நாங்கள் செய்த தவறு எல்லாம் விசிறி வாங்கியதில்தான்.

விசிறி என்று நாம் சொல்வது படகின் பின்னால் தண்ணீருக்கடியில் சுழலும் புரொப்பெல்லரை. மலாய்க்காரச் சகோதரர்கள் 'கீப்பாஸ்' என்கிறார்கள். பழைய விசிறியின் இதழ் ஒன்று மூக்கு உடைந்திருந்தது. புதிதாக வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடுவோம் என்று நினைத்தோம். பெரிய மண்வெட்டி அதிக மண்ணை அள்ளும், பெரிய விசிறி அதிகத் தண்ணீரைத் தள்ளும் என்பது எங்கள் கணக்கு. விற்றவரும் மறுக்கவில்லை. 22 அங்குல விசிறியை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

என்ன நடந்தது தெரியுமா? இயந்திரம் 1,700 சுற்றுக்கு மேல் ஏறவே இல்லை. விசையை முழுவதும் தள்ளினால் புகைக்குழாயிலிருந்து கரியாகப் புகை வந்தது. படகின் பின்புறம், மாவு மில்லுக்குள் நிற்பது போல அதிர்ந்தது. மூன்றாவது வாரம் பின்பக்கத்துப் பலகை இடுக்கில் அடைத்திருந்த கலப்பற்று நெகிழ்ந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. எங்களில் ஒருவரின் மனைவி டீசல் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வந்தார். "முன்னே அஞ்சு நடைக்கு வந்த எண்ணெய் இப்போ நாலு நடைக்குத்தான் வருது. விசிறி தண்ணியைத் தள்ளுதா, நம்ம காசைத் தள்ளுதா?" என்று அவர் கேட்டபோது எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

இந்த விசிறி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இது உண்மையில் ஒரு திருகாணி. மரத்தில் திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரு புரியளவு உள்ளே இறங்குகிறது. அது போலவே விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் தண்ணீரில் இவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதைப் புரியிடை என்கிறோம். விசிறியின் குமிழில் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். 19, 12 என்றிருந்தால், முதல் எண் விட்டம், இரண்டாவது எண் புரியிடை, இரண்டும் அங்குலத்தில். பக்கத்தில் வலம் சுற்றுவதா இடம் சுற்றுவதா என்ற குறியும் இருக்கும். உங்கள் கியர் பெட்டி தண்டை எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அதற்குப் பொருந்தியதாக அது இருக்க வேண்டும்.

திருகாணி என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் இங்கிலாந்தில் விவசாயம் செய்தவர். கப்பலைத் தள்ளும் திருகுக்கு அவர் 1836-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய முதல் திருகு மரத்தால் ஆனது. முழுதாக இரண்டு சுற்று நீளம் கொண்டது. 1837-இல் லண்டன் கால்வாய் ஒன்றில் ஓட்டிப் பார்த்தபோது அது எதிலோ இடித்துப் பாதி ஒடிந்து போனது. படகு நின்றுவிடும் என்றுதானே நினைப்போம்? முன்னைவிட வேகமாக ஓடியது! அளவு கூடினால் பலன் கூடும் என்ற எங்கள் கணக்கு, எங்களுக்கு முன்பே ஒருவருக்குப் பொய்த்திருக்கிறது. அவர் ஒடிந்த திருகிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார். 1845-இல் பிரிட்டிஷ் கடற்படை ஏறக்குறைய சம சக்தி கொண்ட இரண்டு கப்பல்களைப் பின்னோடு பின் கட்டி இழுக்க விட்டது. 'ராட்லர்' திருகு பொருத்தியது. 'அலெக்டோ' இருபுறமும் துடுப்புச் சக்கரம் கொண்டது. ராட்லர், எதிர்ப்பக்கம் முழு மூச்சுடன் இழுத்த அலெக்டோவை மணிக்கு இரண்டரைக் கடல் மைலுக்குக் குறையாத வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

எங்கள் இயந்திரம் 2,400 சுற்று. கியர் பெட்டி அதை இரண்டுக்கு ஒன்றாகக் குறைக்கிறது. ஆகவே விசிறித் தண்டு நிமிடத்துக்கு 1,200 சுற்று. புரியிடை 12 அங்குலம், அதாவது ஓர் அடி. நிமிடத்துக்கு 1,200 அடி. மணிக்கு 72,000 அடி. ஒரு கடல் மைலுக்குச் சுமார் 6,080 அடி. வகுத்தால் கிட்டத்தட்ட 11.8 வருகிறது. தண்ணீர் மரத்தைப் போலக் கெட்டியாக இருந்தால் படகு அந்த வேகத்தில் ஓடும். ஆனால் தண்ணீர் நழுவும். சேற்று நிலத்தில் லோரிச் சக்கரம் சுற்றிக்கொண்டே மெல்ல நகர்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? கனமான வேலைப் படகில் நூற்றுக்கு 40 பங்கு நழுவிப் போவது சாதாரணம். மிஞ்சுவது மணிக்கு 7 கடல் மைல்.

அந்த 7 போதுமா? போதும் என்பது மட்டுமல்ல, அதற்கு மேல் அந்தப் படகால் போகவும் முடியாது. தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகுக்கு, அதன் நீளமே வேக வரம்பைப் போட்டுவிடுகிறது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்க வேண்டும். 28-இன் வர்க்கமூலம் 5.3. பெருக்கினால் 7.1. அதற்கு மேல் எவ்வளவு டீசல் ஊற்றினாலும் படகு தானே கிளப்பிய அலை மேட்டில் ஏற முயன்று பின்புறம் அமிழுமே தவிர, ஓட்டம் கூடாது. ஆகவே எங்கள் படகுக்குப் புரியிடை 12 என்பது பொருத்தமான அளவு. நாங்கள் வாங்கியது 14.

புரியிடையைவிடப் பொல்லாதது விட்டம். ஒரே வடிவமுள்ள விசிறியின் அளவை நூற்றுக்குப் பத்துக் கூட்டி, அதே சுற்றில் சுற்ற வைக்க வேண்டுமானால், சக்தி நூற்றுக்குப் பத்துக் கூடினால் போதாது. நூற்றுக்கு அறுபது கூட வேண்டும். விட்டம் ஐந்து தடவை தன்னோடு தானே பெருகுவதால் வரும் விளைவு இது. எங்கள் படகுக்குத் தேவைப்பட்டது 19 அங்குலம். 22 அங்குலத்தை அதே சுற்றில் சுற்ற இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். 40 குதிரைசக்திக்கு 80-க்கு எங்கே போவது? பால் லோரி முழு டாங்கியோடு மேடு ஏறும்போது ஓட்டுநர் கடைசிக் கியரிலேயே விட்டால் என்ன ஆகும்? இயந்திரம் திணறும், கரும்புகை கக்கும். எங்கள் படகு நாள் முழுவதும் அப்படித்தான் மேடு ஏறிக்கொண்டிருந்தது. டீசல் வீணாவதைவிடப் பெரிய கேடு, இப்படித் திணறும் இயந்திரம் சூடேறி, வால்வும் பிஸ்டனும் காலத்துக்கு முன்பே கெட்டுப்போவது. இயந்திரம் போனால் சேமநிதிப் பணம் போன மாதிரிதான்.

அதற்காக மிகச் சிறிய விசிறியை மாட்டலாமா என்றால், அதுவும் தவறு. இயந்திரம் சுலபமாக ஓடும். தன் அளவையும் மீறிச் சுற்றும். ஆனால் சின்ன இதழ்கள் அளவுக்கு மீறித் தண்ணீரை உதைக்கும்போது, இதழின் பின்முகத்தில் அழுத்தம் குறைந்து, தண்ணீர் கொதிக்காமலே ஆவிக் குமிழியாகிவிடும். குமிழி உடையும் இடத்தில் உலோகம் அரித்துக் குழி விழும். சார்ல்ஸ் பார்சன்ஸ் 1894-இல் கட்டிய 'டர்பினியா' என்ற கப்பல் முதலில் எதிர்பார்த்த வேகத்தை எட்டாமல் போனதற்கு இந்தக் குமிழிகளே காரணம். பிறகு அவர் மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளை வைத்து வேலையைப் பகிர்ந்து கொடுத்தார். 1897-இல் அது மணிக்கு 34 கடல் மைல் ஓடியது.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றுவதுதானே சிக்கனம் என்று படித்திருக்கிறோமே, கியர் பெட்டியை மாற்றிவிட்டுப் பெரியதை வைத்தால் என்ன? கேள்வி சரியானதே. நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சத் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட மேல். சுமைப் படகுக்கும் வலை இழுக்கும் படகுக்கும் அதுவே ஏற்றது. நாங்களும் பட்டறைத் தவுக்கேயிடம் இதைத்தான் கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு மரக்குச்சியை எடுத்து 22 அங்குலத்துக்கு வெட்டினார். நடுவில் ஒரு துளை போட்டு, விசிறியைக் கழற்றியிருந்த தண்டு முனையில் செருகிச் சுற்றிக் காட்டினார். குச்சியின் நுனிக்கும் படகின் அடிப்பலகைக்கும் இடையில் ஒன்றரை அங்குலம்தான் இருந்தது. இரண்டு விரல் நுழையும். மூன்றாவது விரல் நுழையாது.

அங்கேதான் எங்களுக்கு விளங்கியது. விசிறியின் அளவைக் கடைசியில் முடிவு செய்வது இயந்திரமும் அல்ல, கடைக்காரரும் அல்ல. படகுக்கு அடியில் இருக்கும் இடம்.

விசிறி நுனிக்கும் படகின் அடிக்கும் இடையில், விட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்காவது இடைவெளி வேண்டும். நூற்றுக்குப் பத்துக்குக் கீழே போகவே கூடாது. ஏன் தெரியுமா? ஒவ்வோர் இதழும் பலகைக்கு அடியில் கடந்து போகும்போது தண்ணீரை அதன் மேல் ஓர் அடி அடிக்கிறது. மூன்று இதழ், நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால், நிமிடத்துக்கு 3,600 அடி, நொடிக்கு 60. நல்ல இடைவெளி இருந்தால் அந்த அடி தண்ணீரிலேயே அடங்கிவிடும். இல்லாவிட்டால் பலகை முரசாகிவிடும். ஆணி தளரும், கலப்பற்று உதிரும். எங்கள் படகில் கசிந்த தண்ணீர் அப்படி வந்ததுதான். கண்ணாடி நார்ப் படகானாலும் தப்பாது. கசிவுக்குப் பதிலாக வெடிப்பு வரும்.

உங்கள் படகில் எவ்வளவு பெரிய விசிறி பொருந்தும் என்பதை நீங்களே அளந்துவிடலாம். வற்றத்தில் படகு தரை தட்டி அமர்ந்திருக்கும்போது, இயந்திரச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்குங்கள். விசிறி இருக்குமிடத்தில், தண்டின் நடுவிலிருந்து நேர் மேலே பலகை வரை அளவெடுங்கள். வந்த அங்குலத்தை 0.65-ஆல் வகுத்தால் இடைவெளி போக மிஞ்சும் விட்டம் கிடைக்கும். எங்களுக்கு வந்தது பன்னிரண்டரை அங்குலம். வகுத்தால் 19-க்குச் சற்று மேல். கணக்குத் தெரியாதவர்கள் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் பழுதில்லை. கியரை மூன்றுக்கு ஒன்றாக மாற்றினால் 24 அங்குல விசிறி தேவைப்படும். அதை எங்கள் படகுக்கு அடியில் வைத்தால் அரை அங்குலம்தான் மிச்சம். ஆகவே கியர் பெட்டி பழையதே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மெதுவான பெரிய விசிறி வேண்டுமென்றால் படகு கட்டும்போதே அதற்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும்.

மேலே மட்டும் இடைவெளி இருந்தால் போதாது. விசிறிக்கு முன்னால் நிற்கும் பின்கட்டை தடிமனாக, வெட்டிய மொட்டை முகத்தோடு இருந்தால், விசிறிக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்து சேராது. வாய்க்காலில் கல்லைப் போட்டது போலச் சுழித்துக்கொண்டு வரும். தச்சரிடம் சொல்லி அந்தக் கட்டையின் இரு பக்கமும் சீவிக் கூராக்கச் சொல்லுங்கள். பலம் குறையாத அளவுக்குத்தான். பின்னால் சுக்கானுக்கும் இடைவெளி விட வேண்டும். சுக்கானை விட்டுக் கழற்றாமல் விசிறியை உருவ முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே, அடிக்கட்டை விசிறியை விடத் தாழ்ந்திருப்பது நல்லது. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலில் சேற்றுத் திட்டுக்குக் குறைவில்லை. தட்டினால் கட்டை தட்டட்டும், விசிறி தட்ட வேண்டாம்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதே கேள்விக்கு வேறொரு விடை கண்டார்கள். அங்கே பல ஊர்களில் துறைமுகம் கிடையாது. அலை உடையும் மணல் கரையிலேயே படகை ஏற்ற வேண்டும். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், உலக உணவு விவசாய நிறுவனத்தைச் சார்ந்ததாக இருந்தது. அதில் வேலை செய்தவர்கள், கரையை நெருங்கும்போது விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்போடு டீசல் படகுகளைச் செய்து பார்த்தார்கள். நம் பக்கத்துக்கு அது அவசியமில்லை என்பது எங்கள் எண்ணம். இங்கே அவ்வளவு அலை ஏது?

தண்டைப் பற்றி ஒரு சொல். விசிறிக்கு முன்னால் தண்டைத் தாங்கும் தாங்கியை விட்டுத் தண்டு வெகு தூரம் வெளியே நீண்டிருக்கக் கூடாது. தண்டின் சொந்தத் தடிமன் அளவு நீண்டால் போதும். அந்தத் தாங்கியைப் பார்த்தால் நமக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மகிழ்ச்சி வரும். உள்ளே இருப்பது ரப்பர்! பித்தளைக் குழாய்க்குள் வரிவரியாகப் பள்ளம் விட்ட ரப்பர். அந்தப் பள்ளத்தில் ஓடும் கடல் தண்ணீரே அதற்கு எண்ணெய். மணல் வந்தாலும் பள்ளத்தோடு போய்விடும். இப்போது பெரும்பாலும் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். மரத்துப் பாலில் செய்ததில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

அளவெல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் கடலில் ஓட்டிப் பார்த்தால்தான் முடிவு. படகின் அடியைச் சுரண்டி, சிப்பியும் பாசியும் இல்லாமல் செய்துகொள்ளுங்கள். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றுங்கள். வெறும் படகில் சோதித்தால் ஏமாந்து போவீர்கள். இயந்திரம் சூடான பிறகு விசையை முழுவதும் தள்ளி, சுற்றைக் காட்டும் மணியைப் பாருங்கள். உற்பத்தியாளர் குறித்த 2,400-ஐத் தொட்டால் விசிறி சரி. எட்டாமல் நின்றால் விசிறி பெரிது. தாண்டி ஓடினால் சிறிது. கொஞ்சம் வித்தியாசமென்றால் புது விசிறி வாங்க வேண்டியதில்லை. பட்டறையில் புரியிடையை ஓர் அங்குலம் நிமிர்த்தவோ மடக்கவோ செய்து கொடுப்பார்கள். இந்தச் சோதனை எல்லாம் அளவு பார்க்கத்தான். அன்றாடம் ஓட்டும்போது சுற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஓட்டினால், விசிறி கேட்கும் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். வேகம் அவ்வளவு குறையாது.

நாங்கள் 22 அங்குலத்தைப் பித்தளை எடைக்கு விற்றோம். நட்டந்தான். 19-க்கு 12 விசிறி மாட்டி, தீனி மூட்டைகளோடு ஜெரெஜாக் தீவின் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். மணி 2,350-இல் வந்து நின்றது. புகை இல்லை. பின்பலகையில் வைத்த தேநீர்க் குவளையில் தேநீர் ததும்பவில்லை. டீசல் மறுபடியும் ஐந்து நடைக்கு வந்தது; அதில் ஒரு பகுதி, படகின் அடியைச் சுரண்டியதால் வந்த மிச்சம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நோட்டை வைத்திருக்கும் அம்மாள் அந்தப் பக்கத்தில் விட்டம், புரியிடை, தண்டுக்கும் பலகைக்கும் உள்ள அளவு மூன்றையும் எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறார். அடுத்த முறை யார் விசிறி வாங்கப் போனாலும் அந்த நோட்டும் கூடப் போகும்.